புது சர்வருக்குப் பால் காய்ச்சியவர்

நான்கு வருடம் ஒரு மனிதர்மேல் கறுவிக்கொண்டே இருப்பது சுலபமான வேலை இல்லை. காலையில் பல் துலக்கும்போது ஞாபகம் வர வேண்டும், ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை திட்டிவிட்டுப் படுக்க வேண்டும். ஜெபமாலை சொல்ல மறந்த நாட்கள் எனக்கு உண்டு. மேனேஜரைத் திட்ட மறந்த நாள் கிடையாது.

அவர் மேனேஜராக இருந்தது நெய்வேலியில் ஒரு தனியார் கம்பெனியில். வெளியூர் ஆலைகளின் பெரிய பம்புகளையும் மோட்டார்களையும் பழுது பார்த்துக் கொடுப்பார்கள். நான் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குக் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். எங்கள் ஊரில் ஒரு ஆளைப் பற்றி விசாரித்தால் முதல் கேள்வி பெர்மனென்டா கான்ட்ராக்டா என்பதுதான். பேரெல்லாம் அப்புறம். அந்தக் கம்பெனியிலும் அதே பழக்கம். வேலை கான்ட்ராக்ட் ஆட்களிடம், சாவி பெர்மனென்ட் ஆட்களிடம்.

சாவி என்று நான் சொல்வது ஓடிபியை. கம்பெனியின் மெயில் முகவரியில் வரும் டொமைன் பெயரை முதன்முதலில் பதிவு செய்தவர் மேனேஜர். தன் சொந்த மெயிலில், தன் சொந்த போன் நம்பரில் பதிவு செய்துவிட்டார். அதில் ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமென்றாலும் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். நான் அவர் அறை வாசலில் நிற்பேன். அவர் டீயைக் குடித்து முடித்து, பேப்பரை மடித்து வைத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நம்பரைப் படிப்பதற்குள் அதன் நேரம் முடிந்திருக்கும். “இன்னொரு தபா அனுப்பும்மா” என்பார். நான் மறுபடி மாடிக்கு ஏறுவேன்.

அந்த வருடம் கம்பெனி மெயில்களைப் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு மாற்றச் சொன்னார் முதலாளி. புது சர்வரை நான்தான் அமைத்தேன். ஒரு கம்பெனிக்கு வரும் மெயிலை எந்த சர்வரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்ல, டி.என்.எஸ். என்கிற பொது ஏட்டில் ஒரு வரி இருக்கிறது. அனுப்புகிறவர்களின் சர்வர் அந்த வரியைப் பார்த்துத்தான் வழி தெரிந்துகொள்ளும். ஒவ்வொரு மெயிலுக்கும் பார்க்காது. ஒருமுறை பார்த்ததை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதே வரியில் இருக்கும். எங்களுடையதில் ஒரு முழு நாள் என்றிருந்தது. அந்த வரியில் உள்ள சர்வர் முகவரியை மாற்றுவதற்கு முன்பே அந்த நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நாம் வீடு மாறிய பிறகும் ஊரே பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதினேன். வெள்ளி மத்தியானம் நேரத்தைக் குறைப்பது, சனிக்கிழமை புது சர்வரில் ஒவ்வொருவருக்கும் மெயில் பெட்டி திறப்பது, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு முகவரியை மாற்றுவது. எந்தப் பக்கத்துக்குப் போய் எதை அழுத்த வேண்டும் என்பதுவரை எழுதி, ஓடிபிக்குத் தயாராக இருக்கட்டும் என்று மேனேஜரிடம் ஒரு நகல் கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குமேல் போன் வர ஆரம்பித்தது. நம் கம்பெனிக்கு அனுப்பிய மெயில் ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று திரும்பி வருகிறதாம். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். நான் ஏட்டைப் பார்த்தேன். முகவரி பழைய சர்வரைத்தான் காட்டியது. ஆனால் திருப்பி அனுப்பியது, இன்னும் ஒரு பெட்டிகூடத் திறக்காத என் புது சர்வர். அதற்கு யார் வழி சொன்னார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. மறுநாள் அது தானாகவே நின்றுவிட்டது. அதற்குள், ஒரு பெரிய வேலைக்காக எங்களிடம் விளக்கம் கேட்டிருந்த வெளியூர் ஆலை, திரும்பி வந்த மெயிலைப் பார்த்து இவர்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள் போல என்று வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“நான் எதையும் மாத்தலைங்க சார்” என்றேன்.

“ஓடிபி இல்லாம யாரும் மாத்த முடியாது. ஓடிபி நான் குடுக்கவே இல்ல” என்றார் மேனேஜர். “அப்ப கோளாறு இந்தப் பொண்ணு கட்டுன சர்வர்லதான இருக்கணும்?”

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தது! யார் எப்போது மாற்றினார்கள் என்று அந்த டொமைன் கணக்கிலேயே பதிவாகியிருக்கும், திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டேன். “அது என் பர்சனல் அக்கவுண்டும்மா” என்று முடித்துவிட்டார். என்னைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். மெயில் மாற்றும் வேலையும் அப்படியே நின்றுபோனது.

டவுன்ஷிப்பில் ஒரு செய்தி ஒரு பிளாக்கிலிருந்து அடுத்த பிளாக்குக்குப் போக ஒரு ஷிஃப்ட் நேரம் போதும். ‘மெயிலைத் தின்ன பொண்ணு’ என்று எனக்குப் பேர் வைத்தார்கள். வேறு எந்த ஆபீசிலும் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது தெரிந்த அம்மா ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னாலதான் ஆர்டர் போச்சாமே, நெசமா?” என்று அக்கறையாக விசாரித்தார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையில் இன்னொருத்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் தினமும் பஸ் பிடித்து, குள்ளஞ்சாவடியில் ஒரு கடையில் உட்கார்ந்து, சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தேன். வேலை போனதுகூடப் பெரிதில்லை. செய்யாத தப்புக்குப் பேர் கெட்டதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான்கு வருடம் கழித்து முதலாளியே போன் செய்தார். பழைய சர்வர் சாகக் கிடக்கிறது, மெயில்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், அதன் உள்விஷயம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். வருகிறேன் என்றேன். ஒரு நிபந்தனை போட்டேன். டொமைன் கணக்கில் மேனேஜரின் போன் நம்பரையும் மெயிலையும் எடுத்துவிட்டு, முதலில் கம்பெனியின் நம்பரைப் போட வேண்டும். முதலாளி சரி என்றார்.

மேனேஜருக்கு இப்போது முட்டிவலி. அது தெரிந்ததும், ஓடிபியைப் போனில் சொல்லக் கூடாது, பாதுகாப்புக்காக ஆள் நேரில் வர வேண்டும் என்று ஒரு விதியை நானே உண்டாக்கினேன். ஒரே மூச்சில் முடிகிற வேலையை ஏழாகப் பிரித்தேன். ஏழு முறை அவர் கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறி வந்தார். ஒருமுறை அவர் வந்து சேர்வதற்குள் நம்பரின் நேரம் முடிந்துவிட்டது. “இன்னொரு தபா அனுப்பறேன் சார்” என்றேன். அந்தக் காலையில் நான் குடித்த டீ அத்தனை ருசியாக இருந்தது.

ஏழாவது ஓடிபியோடு கணக்கு கம்பெனியின் நம்பருக்கு மாறியது. முதலாளியும் பக்கத்தில் இருந்தார். மேனேஜர் இறங்கிப்போகத் திரும்பியபோது, “இருங்க சார்” என்று சொல்லி, பழைய மாற்றங்களின் பக்கத்தைத் திறந்தேன். தேதி எனக்கு மனப்பாடம். அந்த வெள்ளிக்கிழமையில் இரண்டு வரிகள் இருந்தன. காலை ஒன்பது முப்பத்தைந்துக்கு முகவரி புது சர்வருக்கு மாற்றப்பட்டிருந்தது. ஒன்பது நாற்பத்தைந்துக்குப் பழையபடி திருப்பப்பட்டிருந்தது.

“யாரு சார் இது?” என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “நாந்தாம்மா. நீ ஞாயித்துக்கெழம அஞ்சு மணின்னு எழுதியிருந்த. அது ராகு காலம். அதான் வெள்ளிக்கெழம காலைல நல்ல நேரத்துல ஒரு தபா மாத்தித் தொட்டு வச்சேன். நீ எழுதிக்குடுத்த தாளப் பாத்துகினுதான் செஞ்சேன். பத்து நிமிஷத்துல பழையபடியே வச்சிட்டேனே?”

எனக்கு விளங்கிவிட்டது. குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் நல்ல நாளில் போய் அங்கே பால் காய்ச்சிவிட்டு, பூட்டிக்கொண்டு பழைய வீட்டுக்கே வந்துவிடுவார்கள். சாமான்கள் மெதுவாக அடுத்த வாரம் போகும். இவர் என் சர்வருக்குப் பால் காய்ச்சியிருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் முகவரி கேட்ட சர்வர்கள் எல்லாம் அதை ஒரு முழு நாள் ஞாபகம் வைத்துக்கொண்டு, ஆளில்லாத வீட்டுக்கே போய்த் திரும்பியிருக்கின்றன. நான் பார்த்தபோது ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

இதை இருவருக்கும் விளக்கிச் சொன்னேன். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அதுனாலயா?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் குறையவில்லை, இரண்டு மடங்கானது. ஒரு பொய்யரைத் திட்டுகிறேன் என்று நம்பித்தானே நான்கு வருடம் திட்டினேன்?

“அன்னைக்கே ஏன் சார் சொல்லல?”

“பழையபடி வச்சிட்டேன், அதுல சொல்றதுக்கு என்னா இருக்குதுன்னு நெனச்சேம்மா.”

“விடும்மா, நாலு வருஷம் ஆச்சு” என்றார் முதலாளி.

“விடமாட்டேங்க. எழுதித் தரச் சொல்லுங்க. எல்லாருக்கும் மெயிலா போகணும்.”

மேனேஜர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். ‘அன்று மெயில்கள் திரும்பியதற்குக் காரணம் நான்தான், அந்தப் பெண்மேல் எந்தத் தவறும் இல்லை’ என்று எழுதினார். நான் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தையும் படித்தேன். அது கம்பெனி முழுக்கப் போனது. கீழே மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிற அண்ணன் ஒருத்தர் வேலையை விட்டுவிட்டு மாடி ஏறி வந்து, “நாங்கூட உன்னத் தப்பா பேசியிருக்கம்மா” என்றார். அழுதுவிட்டேன்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

முகவரியை மாற்றும் நாள் இந்த முறையும் ஞாயிற்றுக்கிழமைதான். மெயில் பெட்டிகள் தயார், ஞாபக நேரத்தையும் முன்பே குறைத்தாகிவிட்டது. மூன்று மணிக்கே மாற்றியிருக்கலாம். நான் ஐந்து மணி என்று முடிவு செய்தேன். சாட்சிக்கு மேனேஜர் வர வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் வந்ததும் மௌசை அவர் பக்கம் நகர்த்தி, “நீங்களே அழுத்துங்க சார்” என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஆறு மணிக்கு மேல வச்சிக்கலாமாம்மா? புதன்கெழம வூட்ல அவங்களுக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில ஆபரேசன். வவுத்துல கட்டி. இந்த நேரத்துல என் கையால வேணாம்மா.”

ஆறு மணிக்கு மாற்றினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். “இதுதான் சார் நேரம். தள்ளிப்போட்டா மெயில் போயிடும், அப்புறம் யார் பதில் சொல்றது?” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். ஐந்து பத்து. மெயில்கள் ஒன்றுகூடத் தவறாமல் புது இடத்தில் வந்து விழுந்தன.

எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்கும் வழக்கம் இல்லை. அப்பா காலண்டர் தாளைக் கிழித்தால் திருநாள் மட்டும்தான் பார்ப்பார். அப்படி வளர்ந்த நான் திங்கட்கிழமை காலை எழுந்ததுமே புதன்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய், பேர்கூடத் தெரியாத மேனேஜர் மனைவிக்காக மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். மேனேஜரைத் திட்ட அன்று மறந்துபோயிற்று.

புதன்கிழமை மாடியில் உட்கார்ந்து, மெயில் போக்குவரத்தின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மேனேஜரிடமிருந்து முதலாளிக்கு ஒரு மெயில் போயிருந்தது. அந்தப் பதிவில் யார், யாருக்கு, எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இறங்கிப் போய் முதலாளி அறை வாசலில் நின்றேன்.

“மேனேஜர் சார்கிட்டேர்ந்து மெயில் வந்துச்சுங்களா?”

“வந்துச்சும்மா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம். மெயிலெல்லாம் ஒழுங்கா வருதான்னு உன்னக் கேக்கச் சொல்லியிருக்காரு.”

“வருதுங்க” என்றேன். படியில் பாதி ஏறியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தெரியாமல் செய்தார், அதைத் தன் கையாலேயே எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். நான் தெரிந்தே செய்தேன். அதை இன்றுவரை ஒருவருக்கும் எழுதவில்லை.