கீபோர்டில் இருந்த குரல்

மதுரைப் பக்கம் பரவையில் இருந்த என் நண்பன் பொழுதுபோக்காகச் சொந்தமாக ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிவந்தான். ஜப்பான் மொழி படிக்கும் மகளுக்காக அதில் ஜப்பானிய கீபோர்டைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டான். அவன் மனைவி கேட்டதால், மீதியை முடித்துக்கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதியவாக்கில் பிழையைச் சரிசெய்து, மொழி மாற்றும் பொத்தானை அழுத்தினேன்.

“மாறிருச்சு மாப்ள!”

அவன் குரல். எதையும் முதலில் என்னிடம்தான் காட்டுவான். எனக்காகவே பதிந்து வைத்திருக்கிறான்.

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. அவன் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்து வாசலைப் பார்த்தார்; பிறகு கம்ப்யூட்டரை.

“இன்னொருக்கா மாத்துங்கண்ணே” என்றார்.

அந்தக் குரலை எடுத்துவிடலாமா என்று கேட்க நினைத்தேன். மறுபடியும் மாற்றினேன்.