கப்பல் படம் கட்டிய கோழி

வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மிஷன் பள்ளிக்கூடத்து லாக் புத்தகத்தில் என் கையெழுத்தில் ஒரு பொய் இருக்கிறது. ‘பள்ளிக் கோழிகள் பன்னிரண்டு. அனைத்தும் நலம்.’ அழகான கையெழுத்து. ட்ரெயினிங் படித்தபோது கையெழுத்துக்காகவே பரிசு வாங்கியவள் நான்.

லாக் புத்தகம் என்பது பள்ளிக்கூடத்தில் நடப்பதை அன்றன்று எழுதிவைப்பது. இன்று மழை, இன்று அம்மை குத்தினார்கள், பருத்தி எடுக்கப் போய்விட்டதால் பிள்ளைகள் பாதிதான் வந்தார்கள், இப்படி. பின்னாளில் யாராவது இந்த வட்டாரத்துக் கல்வி வரலாறு என்று ஆராய்ச்சிக்கு வந்தால் அதைத்தான் புரட்டுவார்கள். என் வரியைப் படித்துவிட்டு, கரிசல் காட்டில் கோழி வளர்ப்புப் பாடம் அமோகமாக நடந்திருக்கிறது என்று எழுதிவைத்தாலும் வைப்பார்கள். அவசரப்பட வேண்டாம். அதற்குக் கீழே சிவப்பு மையில் நாலு வரி இருக்கிறது. அதையும் படிக்க வேண்டும்.

அறுபதுகளில் நடந்தது இது. மயிலைத் தேசியப் பறவை என்று அறிவித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஏட்டுப் படிப்போடு கைவேலையும் வேண்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பள்ளிகளுக்கு ராட்டை வந்தது. எங்களுக்கு பிளாக் ஆபீஸிலிருந்து பன்னிரண்டு வெள்ளைக் கோழிகள் வந்தன. கூடு எங்கள் செலவு. பொறுப்பு என் தலையில். நான் விருதுநகரில் ரயில் சத்தத்துக்கும் மிளகாய் நெடிக்கும் நடுவே வளர்ந்தவள். கோழியைக் குழம்பில் பார்த்ததோடு சரி.

இருந்தாலும் ரோஷக்காரி அல்லவா, விடுவேனா? கம்பு போட்டேன், தண்ணீர் வைத்தேன், முட்டையை எண்ணிக் கரும்பலகையில் எழுதிக் கணக்குப் பாடம் நடத்தினேன். நாலு மாதம் நன்றாகப் போயிற்று. மார்கழிக் கடைசியில் ஒரு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி வட்டமடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் இன்னும் மூன்று அப்படியே சுற்றின. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. ஒரே வாரத்தில் பன்னிரண்டும் போய்விட்டன. பள்ளிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். கூட்டை அப்படியே போட்டுவைத்தோம். அதைக் கழுவ வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

தை பிறந்ததும் தபால் வந்தது. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்.

அந்தப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஊரே பள்ளிக்கூடத்துக்கு இரவல் கொடுக்கும். ஒரு வீட்டிலிருந்து நாற்காலி, ஒரு வீட்டிலிருந்து கடிகாரம், இன்னொரு வீட்டிலிருந்து வெள்ளி டம்ளர். தீப்பெட்டி ஒட்டப் போய்விட்ட பிள்ளைகளைக்கூட அன்றைக்கு ஒருநாள் இரவல் வாங்கி பெஞ்சை நிரப்புவோம். இன்ஸ்பெக்டருக்கும் இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, கோழிக்கு மட்டும் என்ன வந்தது, அதையும் இரவல் வாங்கிவிடலாம் என்றார். தலைமை ஆசிரியரை அங்கே பெரிய வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். பயந்த மனுஷர். பென்ஷனுக்கு இரண்டு வருஷம் பாக்கி.

வீடு வீடாகப் போய்ப் பன்னிரண்டு கோழி வாங்கினேன். எந்தக் கோழி எந்த வீட்டுக் கோழி என்று மாறிப்போகக் கூடாதே, அதற்கு ஒரு யோசனை செய்தேன். ஊரில் பாதி வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. சிவகாசியிலிருந்து வருகிற லோடில் அச்சு பிசகிய லேபிள்களும் கிடக்கும். ஒரு வீட்டுக்கு யானை, ஒரு வீட்டுக்குத் தாமரை, ஒரு வீட்டுக்குக் கப்பல். லேபிளைச் சுருட்டி நூலால் கோழிக் காலில் கட்டி, அந்தப் பழைய கூட்டிலேயே அடைத்தேன். நோட்டில் வீட்டையும் படத்தையும் வரிசையாக எழுதிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் போன சாயங்காலம் கோழியைத் திரும்ப வாங்க வந்த பெண்கள் தங்கள் படத்தைப் பார்த்துச் சிரியோ சிரி என்று சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கூட்டுக்கு முன்னால் நின்று, வெள்ளைக் கோழி கொடுத்ததாக அல்லவா காகிதத்தில் இருக்கிறது, இங்கே கறுப்பும் சிவப்பும் புள்ளியுமாக நிற்கிறதே என்று கேட்டார். பெரிய வாத்தியார் கண்ணைக்கூட இமைக்காமல், நாட்டுக் கோழியோடு சேர்த்து இனவிருத்தி செய்கிறோம் என்று சொல்லிவிட்டார். நாலு மாதத்தில் இனவிருத்தியாம்! இன்ஸ்பெக்டர், பாராட்டத்தக்கது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு என் பங்குக்கு நானும் லாக் புத்தகத்தில் எழுதினேன். அதுதான் அந்த வரி.

பத்து நாள் கழித்து ஊரில் கோழிகள் சாக ஆரம்பித்தன. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோழிச் சீக்கு எப்போதும் வருவதுதானே என்று இருந்துவிட்டார்கள். பிறகு மூன்று மயில்கள் செத்தன. மூன்றும் ஒரே சம்சாரியின் கம்மங்காட்டில் கிடந்தன. விவசாயியை அங்கே சம்சாரி என்றுதான் சொல்வார்கள்.

அந்தச் சம்சாரிக்கு வாய்தான் சத்துரு. கதிர் பிடித்ததிலிருந்து மயில் கூட்டம் இறங்கி அவர் கம்மங்கதிரை உருவிக்கொண்டிருந்தது. தகரத்தைத் தட்டி விரட்டுவார். ஒருநாள் கடைத் தெருவில் நின்று, இதுகளுக்கு மருந்து வைத்தால்தான் அடங்கும் என்று ஊர் கேட்கக் கத்தியிருக்கிறார். இப்போது மயில் செத்துக் கிடக்கிறது. முருகன் ஏறுகிற மயில். ஊர் விடுமா? மஞ்சள் நீர் தெளித்து, புதுத்துணி சுற்றி, பால் ஊற்றி மயில்களைப் புதைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி அவரிடம் இனி ஊர்வரி வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். வரி வாங்கவில்லை என்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம். கதிர் அறுக்க ஆள் வராது. தைக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வண்டி வரிசையில் அவர் வண்டிக்கு இடம் கிடையாது. அவர் தகப்பனார் காலத்திலிருந்து வரிசையில் முதல் வண்டி அவர்களுடையதுதான்.

மயில்கள் எப்படிச் செத்தன என்று இடைவேளையில் பிள்ளைகள் நடித்துக் காட்டினார்கள். கழுத்தைத் திருகி, வானத்தைப் பார்த்து, வட்டமாக ஒரு சுற்று. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பெரிய வாத்தியாரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பேர் வேலையும் போய்விடும் என்றார். என் சம்பளத்தில்தான் விருதுநகரில் என் தம்பி படித்துக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சம்சாரியின் மகள் நாலாம் வகுப்பு. என் வகுப்பு. மறுநாளிலிருந்து அவள் பக்கத்தில் பிள்ளைகள் உட்காரவில்லை. அவள் ஓரமாகத் தனியே ஒரு கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே பதினாலாம் வாய்ப்பாடு நடத்தினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

இந்த நேரத்தில்தான் சைக்கிளில் பெரிய மரப்பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் வந்து இறங்கினார். மெட்ராஸில் கால்நடை மருத்துவம் படித்தவர். வீட்டுப் பறவைகளின் வியாதி காட்டுப் பறவைகளுக்கு எப்படிப் போகிறது என்று ஜில்லா ஜில்லாவாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் உமியும் ஐஸும். செத்த பறவை கிடைத்தால் அதில் வைத்து மெட்ராஸுக்கு ரயிலேற்றுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். முதல் கோழி எப்போது செத்தது? யாராவது சொன்னால்தானே! மயிலைத் தோண்ட வேண்டும் என்று சொல்லி, கம்படி வாங்காமல் தப்பியதே பெரிய காரியம். ஒரு செத்த கோழி மட்டும் கிடைத்தது. அதுவும் அந்தச் சம்சாரி வீட்டுக் குப்பைக்குழியில்.

கோழியைப் பெட்டியில் வைத்துவிட்டு அவர் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம் விசாரிக்கலாம் என்று வந்திருக்கிறார். கையில் நூலில் தொங்கிய ஒரு காகிதச் சுருளைக் காட்டினார். எருவில் ஊறிக் கறுத்திருந்தது. பிரித்தால் பாதிக் கப்பல்.

“இது கோழிக் காலில் இருந்தது. இந்த ஊரில் கோழிக்குக் கப்பல் படம் கட்டுற வழக்கம் உண்டா டீச்சர்?”

தெரியாது என்றேன். அவர் மரியாதையாக வணங்கிவிட்டுப் போனார். சாயங்காலம் ஊரைக் கூட்டி, இது கோழிகளுக்கு வருகிற வெள்ளைக்கழிச்சல் மாதிரி இருக்கிறது, கோழியிலிருந்துதான் மயிலுக்குப் போயிருக்க வேண்டும் என்று விளக்கினார். ஊர் கேட்கவில்லை. மருந்து தின்றாலும் கழுத்துத் திருகத்தான் செய்யும், அதுவும் அவன் வீட்டுக் கோழியே மருந்தைத் தின்று செத்திருக்கிறது, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார்கள். சம்சாரி கூட்டத்துக்கு வெளியே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். வாயாடி மனுஷர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன். பெரிய வாத்தியார் வழியில் மறித்து, வேண்டாம் டீச்சர், வேண்டாம் என்று கும்பிட்டார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கூட்டத்தின் நடுவில் நின்று வாசித்தேன். யானை இன்னார் வீடு. தாமரை இன்னார் வீடு. வாசிக்க வாசிக்க டாக்டர் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் உங்கள் கோழி எப்போது செத்தது என்று கேட்டார். பன்னிரண்டு வீட்டிலும் இரவல் போய்த் திரும்பிய கோழிதான் முதலில் செத்திருந்தது. எல்லாவற்றுக்கும் முந்தியது சம்சாரி வீட்டுக் கப்பல். கோழி கொடுக்காத வீடுகளில் அதற்கு முன் ஒன்றும் சாகவில்லை. பள்ளிக்கூடத்துக் கோழிகள் என்னவாயின என்று டாக்டர் கேட்டார். அதையும் சொன்னேன். குழியையும் காட்டுகிறேன் என்றேன்.

ஊர் என்ன சொல்லும்? இரவல் கொடுத்ததே அவர்கள்தானே. இன்ஸ்பெக்டரை ஏமாற்றியதில் ஊருக்கே பங்கு இருந்தது. மயில் பாவத்திலும் பங்கு வந்துவிட்டது. ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்து, வண்டி வரிசை எப்போதும்போலப் போகும், முதல் வண்டியும் எப்போதும்போல என்று சொல்லிவிட்டு எழுந்தார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். கூட்டில் கட்டிய மூங்கிலைக்கூட விடாமல் எரிக்கச் சொல்லிவிட்டு டாக்டர் என் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆராய்ச்சிக்கு இப்படி ஒரு பட்டியல் இதுவரை கிடைத்ததில்லையாம். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது.

சம்சாரி மட்டும் போகவில்லை. என் கிட்டே வந்து நின்றார்.

“டீச்சரம்மா, ஒங்களுக்கு எம்புட்டு நாளாத் தெரியும்?”

ஒன்பது நாள் என்றேன்.

“ஒம்பது நாளும் எம் மகளுக்குப் பாடம் சொன்னீக.”

ஆமாம் என்றேன்.

“அங்கன தனியா ஒக்காந்து அவ என்னத்தப் படிச்சிருப்பா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பள்ளி தொடங்கும் முன்னே போய் லாக் புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில் எழுதினேன். பள்ளிக் கோழிகள் பன்னிரண்டும் முன்பே நோயில் இறந்தன. ஆய்வு நாளில் காட்டியவை ஊரில் இரவல் வாங்கியவை. அவற்றின் மூலம் நோய் பரவி ஊர்க் கோழிகளும் மூன்று மயில்களும் இறந்தன. இது தெரிந்தும் நான் ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தேன். பெரிய வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று வரி போதுமே, நாலாவது இன்ஸ்பெக்டருக்கு எதற்கு என்று கேட்டார். அது இன்ஸ்பெக்டருக்கு இல்லை என்றேன். எனக்கு ஒரு வருஷம் இன்கிரிமென்ட் நின்றது. அவருக்குப் பென்ஷன் தப்பித்தது. அந்த மட்டில் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அந்தப் பெண் வருவாளோ மாட்டாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்த பிறகு வந்தாள். கையில் கோணிச் சாக்கு இருந்தது. அவளைக் கூப்பிட்டு, லாக் புத்தகத்தை முன்னால் வைத்து, சிவப்பு வரிகளைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசித்தாள். நாலாவது வரி முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஒம்பது நாளா டீச்சர்?”

“ஆமாம்மா.”

சாக்கை மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் மற்றப் பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க அவளுக்குப் பங்குனி வரை ஆயிற்று.