இரண்டு தடவை கழித்த நார்ச்சத்து

மகள் வயிற்றில் இருந்த ஏழாவது மாதம், எனக்குச் சர்க்கரை ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். மருந்து வேண்டாம், கார்போஹைட்ரேட்டை அளந்து சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர். சிஞ்ச்வட்டில் ஒரு தொழிற்சாலையில் வண்டிப் பாகங்களை அளந்து சரிபார்ப்பது என் கணவரின் வேலை. அதே கவனத்தோடு, நாங்கள் குடியிருந்த வாகட் பகுதிக் கடைகளில் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார்.

"நார்ச்சத்து சர்க்கரையா மாறாது. அதைக் கழிச்சுட்டு மிச்சத்தை எண்ணினா போதும்," என்றார். வீட்டிலிருந்த ஓட்ஸுக்கு அப்படித்தான் கழித்தோம். சர்க்கரை அளவு சரியாகவே வந்தது.

ஜெர்மனியிலிருந்து வந்த அவருடைய அக்கா, மொறுமொறுவென்று ஒரு ரொட்டி கொண்டுவந்தார். நூறு கிராமில் கார்போஹைட்ரேட் அறுபது, நார் இருபது என்று பாக்கெட்டில் போட்டிருந்தது.

"அப்ப நாற்பதுதான்! நீ தாராளமா சாப்பிடு," என்றார் கணவர்.

வாரக்கணக்காகப் பசியை அடக்கியிருந்தவள் நான். வெண்ணெய் தடவித் தடவித் தின்றேன். அப்புறம் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடந்தது. குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று அழுதுவிட்டேன்.

அவர் டாக்டருக்குப் போன் செய்தார். ஒரு தடவை ஏறியதற்குப் பயப்பட வேண்டாம், நடக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியைச் சுற்றி நடந்தோம். அவருடைய ஒரு கையில் என் கை, இன்னொன்றில் அந்தப் பாக்கெட். பாதியில் நின்று மொபைலில் கணக்குப் போட்டார்.

"கார்போஹைட்ரேட் கிராமுக்கு நாலு கலோரி, நார் கிராமுக்கு ரெண்டு. அறுபதுக்குள்ளயே நார் இருந்தா இதுல போட்டிருக்கிற கலோரி வராது. தனித்தனியா எண்ணினாத்தான் வருது. அவங்க ஊர்ல நாரைக் கழிச்சுட்டுத்தான் எழுதுறாங்க. நான் திரும்பக் கழிச்சுட்டேன்."

"உங்களை நம்பி இங்க ரெண்டு உயிர் இருக்கு," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாட்ச்மேன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சரி, நடங்க," என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

ரொட்டியை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்து, கூடவே அவித்த முட்டை வைத்துக்கொண்டேன். சர்க்கரை அடங்கியது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

அத்தனை மாதமும் என் தட்டில் இருந்ததையேதான் அவரும் சாப்பிட்டார். ஆஸ்பத்திரியில் மகளை வாங்க எழுந்தபோது, இடுப்பில் நிற்காத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.