உப்புக் காத்து மேல போட்ட பழி

படூர்ல ஒரு சின்ன கம்பெனியில எனக்கு வேலை. மீனவர் குப்பங்கள்ல கடல் எச்சரிக்கை போர்டு வைப்போம். கம்பத்து மேல ஒரு திரை, பின்னாடி உள்ளங்கை அளவு, லினக்ஸ்ல ஓடற கம்ப்யூட்டர் மிஷின், ஒரு சிம்கார்டு. பச்சைன்னா போகலாம், சிவப்புன்னா போகக் கூடாது. அவ்ளோதான். சதுரங்கப்பட்டினம் என் பொண்டாட்டி ஊரு. அங்க நானே ஏணி போட்டு ஏறி மாட்டினேன்.

அவளோட தம்பி, என் மச்சான், முதல்ல கிண்டல் பண்ணான். "இன்னா மாமா, கடலைப் பாக்காம டிவியப் பாத்துட்டா போவச் சொல்ற?" நான்தான் விடாம நச்சரிச்சேன், "நம்புடா, அது உன் கண்ணைவிட தூரம் பாக்கும்"னு. நம்பிட்டான்.

மிஷினுக்கு அப்பப்போ அப்டேட் அனுப்புவேன். அந்தக் கரையில டவர் ஒழுங்கா எடுக்காது, அனுப்பற பேக்கேஜ் பெருசா இருந்தா பாதியில அறுந்துடும். அதனால கம்ப்ரெஷன் முறையையே மாத்தி, எவ்ளோ இறுக்க முடியுமோ அவ்ளோ இறுக்கினேன். பாதி சைஸுக்கு வந்துடுச்சு. ஆபீஸ் பூரா காட்டிப் பீத்திக்கினேன். முழங்காலைப் போட்டு அமுக்கி மூடின துணிப் பெட்டி மாதிரி அது. திறக்கற எடத்துல துணியைப் பரப்ப இடம் வேணும். என் லேப்டாப்ல மெமரி தாராளம், நொடியில பிரிஞ்சுது. கம்பத்து மேல இருக்கற மாதிரி ஒரு சின்ன மிஷின்ல போட்டுப் பாத்திருக்கலாம். பாக்கல. சோம்பேறி நாய் நான்.

நம்ம ஊராச்சேன்னு முதல்ல சதுரங்கப்பட்டினத்துக்குத்தான் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததுன்னு ஸ்கிரீன்ல காட்டுச்சு. டீ குடிக்கப் போயிட்டேன். அதுக்கப்புறம்தான் காத்து எச்சரிக்கை வந்து மத்த குப்பங்கள்ல எல்லாம் போர்டு சிவப்பாச்சு. சதுரங்கப்பட்டினத்துல மட்டும் பச்சை.

விடியக்காத்தால நாலு படகு போச்சு. மூணு தத்தளிச்சுகினு திரும்புச்சு. மச்சான் மூணாம் நாள் மாமல்லபுரம் பக்கம் கரை ஒதுங்கினான்.

மச்சான் காரியம் முடிஞ்சதும் மிஷினைக் கழட்டி அங்கயே லேப்டாப்ல சொருகினேன். புதுசைப் பிரிக்கறதுக்காக பழைய புரோகிராமை நிறுத்தியிருக்குது. பிரிக்க மெமரி பத்தல. அப்படியே நின்னுபோயிருக்குது. திரையில கடைசியா இருந்த பச்சை மட்டும் எரிஞ்சுகினே இருந்திருக்குது.

மாமியார் பக்கத்துல வந்து நின்னாங்க. "இன்னா ஆச்சு மாப்ள அதுக்கு?"

"உப்புக் காத்து, அத்தை. உள்ள துரு புடிச்சிட்டுது."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். வேற ஒன்னுமில்ல. பொண்டாட்டிகிட்டயும் அதையேதான் சொன்னேன். அவ தலையாட்டிக்கினு அழுதா.

போன வாரம் புது மிஷின் மாட்டப் போனேன். பழைய முறையில கட்டின பெரிய பேக்கேஜ். அறுந்து அறுந்து இறங்குச்சு. பிரிஞ்சு முடியற வரைக்கும் கம்பத்தடியிலயே நின்னேன். மாமியார் வூட்டுலேர்ந்து தடியான பாலிதீன் கவரும், மச்சான் வலைக்கு வாங்கி வச்சிருந்த நூலும் எடுத்துகினு வந்தாங்க.

"நல்லா சுத்திக் கட்டுங்க மாப்ள, உப்பு உள்ள பூந்துடப் போவுது. இன்னொருத்தி புள்ளைக்கு இப்டி ஆவக் கூடாது."

நான் ஏணி மேல ஏறி, மிஷினைச் சுத்தி கவரைப் போட்டு, அந்த நூலால மூணு சுத்து கட்டினேன். நான் விழுந்துடக் கூடாதுன்னு அவங்க கீழ ஏணியைப் புடிச்சுகினு நின்னாங்க.