வெயில் சாய்ந்தால் நல்லாத் தெரியும்

கல்யாணம் என்றால் பத்திரிகை வைக்காவிட்டாலும் வந்துவிடுவார்கள். பிள்ளைக்குக் கண் பரிசோதனை என்று கூப்பிட்டுப் பாருங்கள், அன்றைக்குத்தான் ஊரில் எல்லோருக்கும் தலைபோகிற வேலை இருக்கும். மரக்காணம் பக்கத்துப் பள்ளிகளுக்கு நான் சிறப்பாசிரியை. கண்ணாடி போட்டும் அரைகுறையாகத் தெரிகிற பிள்ளைகளைக் கண்டுபிடித்து, வெளியூரிலிருந்து வரும் பரிசோதகர் முன்னால் உட்கார வைக்க வேண்டும். எதற்காவது ஆள் சேர்த்து நொந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

வேறு குறை

கூனிமேட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவரின் மகன், புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டுதான் படிப்பான். பலகையில் எழுதுவதெல்லாம் அவனுக்கு வெறும் கோடு. கடைக்கே போய்ப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பாய் சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல டீச்சர். சோம்பேறித்தனம்தான் குறை. அதுக்கு ஒரு டெஸ்ட் இருந்தா சொல்லுங்க, நானே கூட்டிட்டு வர்றேன்."

மனப்பாடம்

குப்பத்திலிருந்து ஒரு அப்பா, கடலுக்குப் போகாமல் மகனைத் தலைவாரிக் கூட்டி வந்தார். எனக்கு ஏக சந்தோஷம். பரிசோதகர் அட்டையை மாட்டுவதற்கு முன்பே பையன் எழுத்துகளை மேலிருந்து கீழாக மடமடவென்று ஒப்பித்தான். ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த அட்டையைப் போனில் படம் பிடித்து, அப்பாதான் உருப்போட வைத்திருக்கிறார். பரிசோதகர் சிரித்துக்கொண்டே வேறு அட்டையை மாட்டினார். பையன் முழித்தான். அப்பாவுக்கு வந்ததே கோபம்!

"சிலபஸ மாத்துனா முன்னாடியே சொல்ல வேணாமா மேடம்?"

அஞ்சலையின் நேரம்

உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையின் மகள் சுகன்யாவுக்குப் பிறவியிலேயே தோலும் முடியும் வெளுப்பு. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. வெளியூர் விடுதிப் பள்ளிதான் அவளுக்குச் சரிப்படும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து என்னைக் கண்டாலே அஞ்சலை பாத்தி வரப்பில் வேகமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். விடாமல் பின்னால் போய்ப் பிடித்தேன். பகலில் மகள் தடுமாறுவதை யாராவது எழுதிவிட்டால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்பதுதான் பயம். இங்கேயே படிக்க வைக்கத்தான் பரிசோதனை என்றால் நம்ப வேண்டுமே.

"அப்ப சாயங்காலமா வெச்சுக்கோங்க மேடம். வெயிலு சாஞ்சா அவளுக்கு நல்லாத் தெரியும்."

உச்சி வெயிலில்

பரிசோதகர் மதியம் கிளம்பிவிடுவார். எப்படியோ அம்மாவும் மகளும் வந்தார்கள். ஜன்னல் சாத்திய வகுப்பறையில் சுகன்யா பல வரிகளைப் படித்தாள். அஞ்சலைக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்குத்தான் அது போதவில்லை. பள்ளிக்கு வரும் வழி உப்பளம் வழியாகத்தான். அந்தப் பளபளப்பில் அவள் தடுமாறுவதைப் பரிசோதகர் பார்க்காவிட்டால் பிள்ளைக்கு என்ன பிரயோஜனம்? "மேடம், கொஞ்சம் வெளியே வந்து பாருங்க" என்று பரிசோதகரைக் கூப்பிட்டு, எல்லோரையும் பாத்திக்கு அழைத்துப் போனேன். உப்புக் குவியல் முன்னால் நின்றதும் சுகன்யா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

பரிசோதகர் நிறக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். அடர் பழுப்புக் கண்ணாடி வந்ததும் சுகன்யா முகத்திலிருந்து கையை எடுத்தாள். கண்ணைத் திறந்தாள். இந்தக் கண்ணாடியும் ஒரு தொப்பியும் போதும், இதே பள்ளியில் படிக்கலாம் என்று பரிசோதகர் சொன்னதும் அஞ்சலை அழுதுவிட்டார். சுகன்யா எங்களைக் கவனிக்கவில்லை. உச்சி வெயிலில் முதல்முறையாக அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவும் கண்ணச் சுருக்கிக்கிட்டுதான் இருக்குது. அதுக்கு ஏன் மிஸ் டெஸ்ட் வெக்கல?"

பரிசோதனைக்கு ஆள் சேர்ப்பதுதான் நம் வேலை. அங்கே யார் யாரைப் பரிசோதிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.