மூக்கு வைக்காத வேலை

நாற்பதாயிரம் கடன். சொந்தத் தம்பியிடம் வாங்கியது. வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனே வந்து ஷெட் வாசலில் நிற்பான்.

“என்னக்கா, ஸ்பிரிங் குட்டி போட்டுச்சா?”

“போடும் போடும். போட்டதும் ஒண்ணு உனக்குத்தான். நல்லா வளத்துக்கோ.”

சோபாக்காரம்மா தலையைத் தூக்காமலே பதில் சொல்வாள். வாயில் நாலைந்து ஆணி கவ்வியிருந்தாலும் பேச்சு பிசிறில்லாமல் வரும். வயது அறுபது. அதில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆணியை வாயில் வைத்துக்கொண்டே சண்டை போட்டுப் பழகியவள்.

கடன் எதற்கு என்று கேட்டால் தெருவே சிரிக்கும். கல்யாணத்துக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழைய சினிமா தியேட்டர் ஒன்றை இடித்தார்கள். அத்தனை சீட்டிலும் இருந்த ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்டு நின்றார். உருக்கத்தான். இவள் குறுக்கே புகுந்து அவருக்கு மேல் ஒரு விலை சொன்னாள். லாரி வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம். கொண்டு வந்து கொட்டியபோது ஷெட்டில் கால் வைக்க இடமில்லை.

“ஊரே ஃபோமுக்கு மாறிடுச்சு. இத்தனை ஸ்பிரிங்கை வெச்சு யாருக்கு சோபா கட்டப் போறே?” என்றான் தம்பி.

“சோபா கட்டறேன்னு உனக்கு யார் சொன்னா?”

அவள் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பதினாறு வயதில் ஒரு சோபா கடையில் ஆணி பிடுங்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய துணியைக் கிழிப்பது, தேங்காய் நாரை உதறுவது, சட்டத்திலிருந்து ஆணியைப் பிடுங்கி, வளைந்ததை நிமிர்த்தி டப்பாவில் போடுவது. முதலாளி தொழிலை யாருக்கும் காட்ட மாட்டார். ஸ்பிரிங் கட்டும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். எதிர்ச் சுவரில் யாரோ மெருகு போடக் கொடுத்த பீரோ ஒன்று இருந்தது. அதன் கண்ணாடியில் அவர் கை தெரியும். இவள் தரையைப் பெருக்குகிற சாக்கில் அதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைத் திருடிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துக் கற்ற தொழில் இல்லையா, அதனால் ஊரில் எல்லாருடைய முடிச்சும் வலப்பக்கம் விழுந்தால் இவளுடையது இடப்பக்கம் விழும். ஆனால் அவிழாது. கட்டிக்கொண்டவன் மூன்றாம் வருஷமே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அவள் கட்டிய சோபா ஒன்றுகூட இன்றுவரை தொய்ந்ததில்லை. இதை அவளே சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். உண்மையும் அதுதான்.

பத்து வருஷம் முன்னால் ஒரு கஸ்டமர் மூன்று பேர் உட்காரும் சோபாவைக் கொடுத்துவிட்டு வரவே இல்லை. எட்டுப் பக்கமும் சணல் இழுத்துக் கட்டி முடித்த ஸ்பிரிங், மேலே சாக்கு போட வேண்டியதுதான் பாக்கி. அவர் வருகிறபோது போடலாம் என்று சுவரில் சாய்த்து வைத்தாள். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள். கயிறும் கம்பியும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிற நிற்பு. இத்தனை வருஷமாக இதைத்தான் துணி போட்டு மூடி, அதன் மேல் ஊரையே உட்கார வைத்திருக்கிறோமா என்று அவளுக்கு ஒரு மாதிரி கோபம் வந்தது. மூட மனசு வரவில்லை. மூடவே இல்லை.

அன்றிலிருந்து பிடித்தது. தூக்கிப் போட்ட ஸ்பிரிங், ரெக்சின் கிழிசல், உடைந்த நாற்காலிச் சட்டம், எதைக் கண்டாலும் ஷெட்டுக்கு வந்துவிடும். பகலில் பிழைப்பு. சாயங்காலம் அதையெல்லாம் மனம் போனபடி சேர்த்துக் கட்டுகிற இந்தக் கட்டு. எதற்கும் உதவாததால் அதற்கு அவள் வைத்த பெயர் சும்மாக் கட்டு. காலேஜ் வாத்தியார் ஒருவர் நாற்காலி கொடுக்க வந்தபோது பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு பேர் இருக்கும்மா. அப்ஸ்ட்ராக்ட்னு சொல்வாங்க” என்றார்.

“அப்படியா? பேர் தெரியறதுக்கு முன்னாடியே நான் செஞ்சுட்டேன் பாருங்க” என்றாள்.

சும்மாக் கட்டுக்கு அவள் ஒரு கண்டிஷன் வைத்திருந்தாள். கட்டி முடித்ததாகத் தோன்றினால் தெருவில் போகிற மூன்று பேரைக் கூப்பிடுவாள். ஒவ்வொருவராக உள்ளே விட்டு, இது என்ன மாதிரி இருக்கிறது என்று கேட்பாள். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது, குறடு எடுத்து மொத்தத்தையும் அவிழ்த்துவிடுவாள். ஒரு தடவை இரண்டு மாதம் கட்டியதை மூன்று பேரும் ஆனை என்று சொல்லிவிட்டார்கள். டீக்கடைக்காரர் பதறிப்போனார்.

“நல்லாத்தானேம்மா இருக்கு ஆனை! எதுக்கு அவுக்கறீங்க?”

“ஆனை வேணும்னா ஆனையைப் போய்ப் பாரேன். அது இருக்கும்போது நான் எதுக்கு இன்னொண்ணு?”

தியேட்டர் ஸ்பிரிங்கில் கட்டியதுதான் அவள் கட்டியதிலேயே பெரியது. சட்டம் கிடையாது. ஸ்பிரிங்கோடு ஸ்பிரிங்கைச் சணலால் கட்டிக் கட்டி, ஷெட்டின் உத்தரத்திலிருந்து கொக்கி போட்டுத் தொங்கவிட்டாள். ஒரு மூலையில் மட்டும் சீட்டின் பழைய சிவப்பு ரெக்சின், நாக்கு நாக்காக. கதவைத் திறந்தால் ஒரு பக்கம் அசைந்து, அந்த அசைவு மெதுவாக மறுபக்கம் போய்ச் சேரும். முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வழக்கம்போல் மூன்று பேரைக் கூப்பிட்டாள். டீக்கடைக்காரர் மழை என்றார். தபால்காரர் ஆபீஸ் விட்டதும் தெருவில் வரும் கூட்டம் என்றார். மூன்றாவதாக வந்த துணி தேய்க்கிறவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “எங்க மாமியார் பேசாம இருக்கறப்ப இப்படித்தான் இருக்கும்” என்றார்.

சோபாக்காரம்மா கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தாள். முடிந்தது.

அதை எப்படியோ கேள்விப்பட்டு ஒரு ஹோட்டல் மேனேஜர் வந்தார். புது ஹோட்டல், பெரிய வரவேற்புக் கூடம், கூரை இரண்டு மாடி உயரம், அங்கே தொங்கவிட ஒன்றும் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கிறது. ஷெட்டுக்குள் வந்து அண்ணாந்து பார்த்தவர் கழுத்து வலிக்கும் வரை பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. தம்பியும் நின்றிருந்தான்.

“அறுபதாயிரம் தர்றேம்மா. ஒரே ஒரு வேலை பாக்கி. முன்னாடி ஒரு மூக்கு, ரெண்டு கண்ணு வெச்சுக் கொடுத்துடுங்க.”

“எதுக்கு?”

“எங்க ஹோட்டலுக்குப் பறவை பேரு. மூக்கு வெச்சா இது பறவை ஆயிடும். வர்றவங்களுக்குப் புரியும்.”

“மூக்கு வைக்கறதில்லைங்க.”

“சின்னதா வெச்சா போதும்மா.”

“சின்ன மூக்கும் மூக்குதான். இப்படியே வேணும்னா இறக்கிக் கட்டித் தர்றேன். இல்லேன்னா டீ குடிச்சுட்டுப் போங்க.”

மேனேஜர் டீ குடித்துவிட்டுப் போனார். தம்பி குதித்தான்.

“அறுபதாயிரம்க்கா! ஒரு மூக்குக்கு! உனக்கு என்ன கேடு?”

“எனக்கு ஒரு கேடும் இல்லை. உன் நாப்பதை நான் வேலை செஞ்சு தர்றேன்.”

“எப்போ? அடுத்த மாசம் முதல் தேதிக்குள்ள கைக்கு வரணும். இல்லேன்னா இரும்புக் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் எடைக்குப் போடுவேன். ஷெட்டு இருக்கற இடம் அப்பாவோடது. பாதி எனக்கு. ஞாபகம் இருக்கட்டும்.”

“வாங்கின காசு ஞாபகம் இருக்கு. மூக்கு வைக்க மாட்டேங்கறது உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.”

பக்கத்து ஊரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் காத்திருப்போர் நாற்காலி எல்லாம் புதுப்பிக்கிற வேலை வந்தது. பைக்குள் குறடும் சணலும் போட்டுக்கொண்டு போனாள். ஆறு நாள் அங்கேயே தங்கி வேலை பார்த்தாள். கூலி வந்தது. நாற்பதாயிரத்துக்கு அது எந்த மூலைக்கு? இருந்தாலும் ஆரம்பித்தாயிற்று என்று தெம்பாகத்தான் திரும்பி வந்தாள்.

ஷெட்டைத் திறந்தால் உத்தரத்தில் கொக்கி மட்டும் தொங்கியது.

தம்பி தானாகவே வந்தான். அவனிடம் இன்னொரு சாவி உண்டு. கையில் ஒரு கவர்.

“கோவிச்சுக்காதேக்கா. முடிச்சுட்டேன். பாய் மாதிரி சுருட்டி வேன்ல பத்திரமா கொண்டு போனேன். அறுபதும் கொடுத்துட்டாங்க. நாப்பதை நான் கழிச்சுக்கிட்டேன். இந்தா, மீதி இருபது. கடனும் தீர்ந்துச்சு, கையில காசும் ஆச்சு. தம்பின்னா இப்படி இருக்கணும்.”

அவள் கவரைப் பார்க்கவே இல்லை. “மூக்கு வெச்சியா?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் பெயிண்ட் கடை வைத்திருப்பவன். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“சின்னதுதான்க்கா.”

கவரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஹோட்டல் கூடத்தில் ஏசி, பளிங்குத் தரை, காத்திருக்கிறவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு சோபா. எல்லாம் ஃபோம். மேலே அவள் கட்டு தொங்கியது. அதன் ஒரு முனையில் எண்ணெய் ஊற்றுகிற தகரப் புனல் ஒன்று, மஞ்சள் பெயிண்டு அடித்து. இரண்டு பக்கமும் சைக்கிளின் பின்னால் மின்னுமே, அந்தச் சிவப்பு வில்லை, கண்ணுக்கு. கீழே இருந்தவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பறவை தானே, தெரிந்ததுதானே.

பல்பு மாற்றுகிற ஏணி ஒன்று தூண் ஓரம் நின்றது. அதை இழுத்து வைத்துப் புடவையைச் சொருகிக்கொண்டு ஏறினாள்.

“அம்மா! அம்மா! யாரும்மா நீங்க? இறங்குங்க!” என்று வரவேற்பில் இருந்த பெண் கத்தினாள். மேனேஜர் ஓடி வந்தார்.

“என்னம்மா பண்றீங்க?”

“கழட்டறேன்.”

“நான் காசு கொடுத்து வாங்கினதும்மா!”

“நீங்க வாங்கினது பறவை. பறவை இதோ இருக்கு.” புனலை முறுக்கிப் பிடுங்கி, ஏணி மேலிருந்தே அவரிடம் நீட்டினாள். “மிச்சம் என்னோடது. நான் விக்கலை. என் தம்பிக்கு விக்க உரிமை இல்லை.”

கண்ணையும் பிடுங்கினாள். இறக்கி ஏற்றியதில் மூன்று இடத்தில் சணல் அறுந்து, தம்பி நைலான் கயிறு போட்டு வலப்பக்க முடிச்சாக முடிந்து வைத்திருந்தான். அதை வெட்டிவிட்டுப் பையிலிருந்து சணலை எடுத்துத் தன் முடிச்சைப் போட்டாள். அதற்கப்புறம்தான் இறங்கினாள். கவரை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“இது இருபது. மிச்சம் நாப்பது தம்பிகிட்ட இருக்கு. சாயங்காலத்துக்குள்ள வாங்கிட்டு வந்து உங்ககிட்ட வைக்கறேன். ஆளை விட்டு இதை இறக்கச் சொல்லுங்க.”

வைத்தால் கடன் மறுபடியும் அப்படியே தலைமேல் நிற்கும், ஷெட்டும் போகும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வைத்தாள்.

அந்த நேரம் மேஜைக்கு முன்னால் ஒருவர், ரூம் சாவி இன்னும் தரவில்லை என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவர், ஏணிச் சத்தத்தில் நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது என்னங்க? மீன் வலையா?”

“வலை எங்கே சார் இப்படி இருக்கும்? தலைகாணி மாதிரி இல்லை?” என்றார் பெட்டி தூக்குகிறவர்.

“தலைகாணியா! எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கண்ணை மூடினா இதுதான் தெரிஞ்சுது” என்றாள் அந்த வரவேற்புப் பெண். அதுவரை அவள் அதை ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

சாவி கேட்டவர் விடவில்லை. வலைதான் என்று அடித்துச் சொன்னார். சோபாவில் இருந்த இரண்டு பேர் எழுந்து வந்து அவரை மறுத்தார்கள். சாவி விஷயமே மறந்துபோயிற்று. மேனேஜர் கையில் புனலோடு அவர்களைப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு கவரை அவள் பக்கம் தள்ளினார்.

“இருக்கட்டும்மா.”

“இருக்கட்டும்னா?”

“இப்படியே இருக்கட்டும். மூக்கு வேண்டாம். விலை அதேதான்.”

“அப்படின்னா இப்ப விக்கறது நான். என் தம்பி வித்ததை மறந்துடுங்க. முடிச்சு எதாவது தளர்ந்தா என்னைத்தான் கூப்பிடணும். இடப்பக்க முடிச்சு, வேற எவனுக்கும் வராது.”

“சரிம்மா.”

“அந்தப் புனலைக் கொடுங்க.”

பெயிண்ட் கடையில் மத்தியானக் கூட்டம். தம்பி ஒரு கஸ்டமருக்கு டப்பாவைத் திறந்து கலக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் புனலைக் கல்லா மேல் டங்கென்று வைத்தாள்.

“உன் பொண்டாட்டி சமையல்கட்டுல இதைத் தேடிட்டு இருப்பா. கொண்டு போய்க் கொடு.”

“அய்யோ, கழட்டிட்டியாக்கா! காசைத் திருப்பிக் கேப்பாங்களே!”

“கேக்க மாட்டாங்க. மூக்கில்லாம இப்பதான் வித்துட்டு வர்றேன். அந்த நாப்பதை எடு.”

“அதான் கழிஞ்சு போச்சே.”

“எது கழிஞ்சுது? நீ வித்தது இந்தப் புனலை. என் கட்டை நான் இன்னிக்குத்தான் வித்தேன். அந்தக் காசு முதல்ல என் கைக்கு வரணும்.”

“என் கையிலேருந்து உன் கைக்கு, உன் கையிலேருந்து மறுபடியும் என் கைக்கு. இதுல என்னக்கா இருக்கு?”

“கடன் கேட்டு நான் கையை நீட்டினப்ப, அதுல உனக்கு என்னமோ இருந்துச்சே. உன் பொண்டாட்டி முன்னாடி ரெண்டு தடவை எண்ணிக் கொடுத்தியே. எடுறா.”

கஸ்டமர்கள் பெயிண்டை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவன் கல்லாவைத் திறந்தான். ஐநூறு ஐநூறாக எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தான். எண்பது தாள். அவள் அதைத் தட்டி ஒழுங்காக அடுக்கிக்கொண்டாள்.

“இப்ப நீ கையை நீட்டு.”

நீட்டினான். நகக்கண்ணில் மஞ்சள் அப்படியே இருந்தது. அவள் தாளைத் தாளாக, கடைக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டு எண்ணி அந்தக் கையில் வைத்தாள். நடுவில் ஒரு தடவை அவன் கையை மடக்கப் பார்த்தான்.

“மடக்காதே. இன்னும் இருக்கு” என்றாள். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது என்று கடைசித் தாளையும் வைத்து முடித்தாள்.