காரணம் எழுதும் பெட்டி

என் தாய்மாமன் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த ஒவ்வொரு லிஃப்டுக்கும் பதிவேட்டில் காரணம் எழுதாமல் படி இறங்க மாட்டார். 'எலி கடித்த ஒயர்.' 'கதவிடுக்கில் குழந்தைச் செருப்பு.' முப்பது வருடப் பழக்கம்.

எப்போதோ ஸ்குரூடிரைவர் வாங்கிய கடையில் மெயில் முகவரி கேட்டிருக்கிறார்கள். மனுஷன் வெள்ளந்தியாகக் கொடுத்துவிட்டார். கடைக்காரன் இன்னொருவனுக்குக் கொடுக்க, அவன் ஊருக்கே கொடுக்க, மெத்தை, வழுக்கைத் தைலம், தீவில் மனை என்று தினமும் நாற்பது மெயில். 'அன்பு நண்பரே, நீங்கள் இல்லாமல் வாடுகிறோம்!' பெற்ற பிள்ளைகூட அப்படி எழுதாது. படித்தால் எனக்கே குமட்டும்.

"கருமம்! சாக்கடை மூடியத் திறந்த மாதிரி இருக்கு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா களத்தில் இறங்கினார். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் 'குழுவிலகு' என்று பொத்தான் இருக்கும். அழுத்தினால் சும்மா விடுகிறார்களா? 'ஏன் விலகுகிறீர்கள்?' என்று ஒரு பெட்டி வரும். காரணம் என்று கேட்டால் மாமா சும்மா இருப்பாரா? ஒரே வரியை எழுதி, நகலெடுத்து, எல்லாப் பெட்டியிலும் ஒட்டினார். விளம்பரம் எது, வேறு எது என்று பார்க்கிற பொறுமை பத்தாவது மெயிலோடு போய்விட்டது.

என் அம்மா தன் தம்பி தங்கைகளுக்கு வாரம் ஒரு மெயில் போடுவாள். அந்தக் குழுவை அமைத்துக் கொடுத்த புண்ணியவதி நான்தான். அதன் அடியிலும் அதே பொத்தான், அதே பெட்டி. அந்த வாரம் தன் ஆபரேஷனைப் பற்றி அம்மா போட்ட தலைப்பு: 'புதன்கிழமை கண் ஆபரேஷன்!!! மறக்காதே!!!' ஏதோ கண் ஆஸ்பத்திரிக்காரன் ஆள் பிடிக்கிறான் என்று மாமா நினைத்திருக்கிறார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"மாமாவுக்கு போன் போடட்டுமாம்மா?"

"வேணாம். சொல்ல வேண்டியத அவன் சொல்லிட்டான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. அந்த மெத்தனத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே வெறுப்பாக வருகிறது.

பத்தாம் நாள், சித்தி சொல்லித் தெரிந்து, மாமா கிரீஸ் கையோடு ஓடி வந்தார். "ஏன்க்கா, எனக்கொரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா போனை நீட்டினாள். குழுவிலிருந்து அவளுக்கு மட்டும் வந்த 'உறுப்பினர் விலகினார்' என்ற அறிவிப்பும், கீழே காரணமும் இருந்தன: 'சீ, உன் கடுதாசியப் பாத்தாலே அருவருப்பா இருக்கு. இனிமே என் மூஞ்சியில முழிக்காத.'

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அது... கடைக்காரனுங்களுக்கு எழுதினதுக்கா. நாப்பது பேருக்கும் அதையேதான் போட்டேன்."

"தெரியுதுடா, இப்பத் தெரியுது" என்றாள் அம்மா. "ஆனா அந்த நாப்பதுல அதப் படிச்சது நான் ஒருத்திதான்."